ஐந்து உலக்கை பேட்டரி மக்கர் செய்தால் எங்கிருந்து பார்ப்பது

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பெண்டிகோவிலிருந்து கொஞ்ச தூரத்தில், தங்கம் தீர்ந்துபோன ஒரு சின்ன ஊர். அங்கே கல்லுடைக்கும் பழைய பேட்டரி ஒன்றை ஞாயிறுதோறும் ஓட்டிக் காட்டுகிறோம். பதினோரு வருடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் குழுவில் இரண்டு தமிழ்ப் பையன்கள் சேர்ந்தார்கள், ஒருவர் கோவை, ஒருவர் யாழ்ப்பாணம். ஒரே பழுதை ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லி அலுத்துப்போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேறு ஊரில் இதே மாதிரி பேட்டரியோடு அவதிப்படுகிறவர்களுக்கும் உதவலாம்.

பேட்டரி என்றால் கரண்ட் பேட்டரி இல்லை. வீட்டு உரல் உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். உரல் ஒரு நீளமான வார்ப்பிரும்புத் தொட்டி. அதில் ஐந்து உலக்கைகள் வரிசையாக விழுகின்றன. ஒவ்வொன்றும் நீண்ட இரும்புத் தண்டு, அதன் அடியில் கனத்த தலை, தலைக்கு அடியில் தேய்வதற்கென்றே மாட்டிய ஷூ. ஷூ விழுகிற இடத்தில், தொட்டிக்குள் டை என்ற இரும்புக் கட்டி. தண்டின் மேல்பாதியில் டாப்பெட் என்ற வளையம். பின்னால் சுழலும் ஷாஃப்டில் உள்ள கேம் என்ற வளைந்த இரும்புக் கை அந்த வளையத்தைத் தூக்கிவிட்டு விட்டுவிடும், உலக்கை தன் கனத்தில் விழும். தொட்டிக்கு முன்னால் சல்லடை. எங்களுடையதில் உலக்கை ஒன்று ஏறக்குறைய 400 கிலோ, விழும் உயரம் 175 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 60 முறை அடி. பழைய நாளில் இதே மாதிரி இயந்திரங்களை 90, 100 அடி வரை ஓட்டினார்கள். நாங்கள் அவசரப்படுவதில்லை.

எங்கள் குடும்பத்துக்கு இது பழகிய சத்தம்தான். பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய் மில்லில் வேலை பார்த்தவர். வீட்டில் யாரும் அதை ‘ஸ்டாம்ப்’ என்று சொல்லிக் கேட்டதில்லை, உலக்கைதான். அதனால் இங்கேயும் அதே பெயர்.

கை வைப்பதற்கு முன்

மோட்டார் ஸ்விட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போடுங்கள். ஐந்து உலக்கையும் முட்டில் தொங்க வேண்டும். முட்டு என்பது டாப்பெட்டுக்கு அடியில் வந்து நிற்கும் கட்டை, ஒவ்வொரு உலக்கைக்கும் ஒன்று. தொட்டிக்குள் கைவிடுவதாக இருந்தால் முட்டை மட்டும் நம்பாதீர்கள். தலைக்கும் டைக்கும் நடுவே கெட்டியான மரத்துண்டு ஒன்றை நிறுத்துங்கள். உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்கு அஞ்சலாமா என்பார்கள். இந்த உரலில் தலையைக் கொடுக்கவே கூடாது, உலக்கைக்கு அஞ்சத்தான் வேண்டும்.

காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, ஆனால் மஃப் போட்ட காதாலும் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். பாதிப் பழுது ஸ்பேனர் எடுக்கும் முன்பே காதில் தெரிந்துவிடும். மீதியில் பெரும்பங்கு தீனியில்தான், அதாவது தொட்டிக்குள் போகும் கல்லில்தான் இருக்கும்.

‘ணங் ணங்’ என்று இரும்புச் சத்தம் கேட்கிறது

ஷூவுக்கும் டைக்கும் நடுவே கல் இல்லை, இரும்பு இரும்பை அடிக்கிறது என்று அர்த்தம். இதை ஒரு நிமிடம் விட்டாலும் தப்பு. ஷூ சில்லுப்போகும், அதிர்ச்சி தண்டுக்கு ஏறும், தண்டு முறியும்.

ஐந்திலும் இதே சத்தமா? முதலில் தீனிப் பெட்டியை எட்டிப் பாருங்கள். காலியாக இருக்கும். சிரிக்காதீர்கள், பத்தில் நாலு தடவை இதுதான் காரணம். பெட்டி நிறைந்திருந்தும் கல் வரவில்லை என்றால் ஈரமான பொடி வாயில் பாலம் கட்டியிருக்கும். நீண்ட மரக்கழியால் மேலிருந்து குத்தி விடுங்கள், கையால் வேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் தட்டுக்கம்பியைப் பாருங்கள். நடு உலக்கை ஆழமாக விழும்போது அதன் டாப்பெட் இந்தக் கம்பியைத் தட்டும், தட்டினால் தீனித் தட்டு ஒரு எட்டு நகர்ந்து கல்லைத் தள்ளும். கல் குறைந்தால் உலக்கை ஆழமாக விழும், ஆழமாக விழுந்தால் கல் வரும். கம்பியின் நுனி தேய்ந்தால் டாப்பெட் அதைத் தட்டாது. நுனியில் உள்ள நட்டை இரண்டு சுற்று வெளியே எடுத்தால் போதும். தீனித் தட்டின் பிடிப்புச் சக்கரத்தில் கிரீஸ் பட்டிருந்தாலும் வழுகும். துணியால் துடையுங்கள்.

ஒன்றில் மட்டும் ‘ணங்’ என்றால் வேறு கதை. அந்த டை பக்கத்து டைகளைவிட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். போன வருடம் மூன்றாவது டை உடைந்தது என்று அதை மட்டும் புதிதாகப் போட்டோம். தேய்ந்த நாலுக்கு நடுவே புது டை மேடாக நின்றது. கல்லெல்லாம் பள்ளத்துக்கு ஓடிவிட்டது, மூன்றாவது உலக்கை வெறும் இரும்பை இடித்துக்கொண்டிருந்தது. புது டை போடும்போது பழைய டைகளுக்கு அடியில் தகடு கொடுத்து மட்டம் பார்க்க வேண்டும், அல்லது ஓரளவு தேய்ந்த டை ஒன்றை அந்த இடத்துக்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும். நாங்கள் இப்போது பழைய டை எதையும் இரும்புக் கடைக்குப் போடுவதில்லை.

சத்தம் ‘தொப்’பென்று அமுங்கிவிட்டது

தீனி அதிகம். தொட்டிக்குள் கல் மெத்தை மாதிரி படிந்துவிட்டது, உலக்கை பாதி தூரம்தான் விழுகிறது. தீனியை நிறுத்தி, தண்ணீரை அப்படியே விட்டு, இடிக்க விடுங்கள். சில நிமிடத்தில் சத்தம் தெளியும். தெளிந்ததும் மறுபடி தீனி, இந்த முறை கொஞ்சமாக.

தெளியவில்லையா? அப்போது இடித்தது வெளியே போகாமல் உள்ளேயே கிடக்கிறது. கீழே ‘வெளியே வரும் சேறு சரியில்லை’ என்ற பகுதிக்குப் போங்கள்.

நல்ல சத்தம் எது என்று பையன்கள் கேட்டார்கள். எழுத்தில் சொல்வது கஷ்டம். ஈர அரிசியை உரலில் இடிக்கும்போது, கடைசியில் உலக்கை கல்லைத் தொட்டும் தொடாமலும் ஒரு சத்தம் வருமே, அது. மெத்தையும் இல்லை, மணியும் இல்லை.

ஒரு உலக்கை மட்டும் சோம்பேறியாகிவிட்டது

மற்ற நாலும் ஏறும் உயரத்துக்கு இது ஏறவில்லை. ஏறக்குறைய எப்போதும் டாப்பெட் நழுவியிருக்கும். டாப்பெட் தண்டின்மேல் கீ என்ற இரும்பு ஆப்பால் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கீ தளர்ந்தால், கேம் டாப்பெட்டைத் தூக்கும்போது தண்டு கொஞ்சம் உள்ளே வழுகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு மயிரிழை வழுகினாலும் அரை மணியில் விழும் உயரம் பாதியாகிவிடும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு தண்டிலும் டாப்பெட்டுக்கு மேலே சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறோம். கோடு டாப்பெட்டை ஒட்டி இருந்தால் நழுவவில்லை. கோடு டாப்பெட்டுக்குள் மறைந்துவிட்டால் நழுவியிருக்கிறது. நழுவியிருந்தால்:

உலக்கையை முட்டில் தொங்கவிட்டு, தலைக்கு அடியில் மரம் கொடுத்து, கீயைத் தட்டிக் கழற்றுங்கள். தண்டில் அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். மேலே கேமுக்குத் தடவிய கிரீஸ் வழிந்து இங்கே இறங்கியிருக்கும், அதுதான் வழுக்கல். டாப்பெட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து கீயை அடித்து இறுக்குங்கள். கீ முழுவதும் உள்ளே போயும் பிடிக்கவில்லை என்றால் பின்னால் மெல்லிய தகடு ஒன்று கொடுங்கள். இரண்டு தகடு தேவைப்படுகிறது என்றால் கீ தேய்ந்துவிட்டது, லேத் பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது தகடு கொடுக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம், நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

டாப்பெட் நழுவவில்லை, ஏற்றமும் சரி, ஆனால் மெதுவாக விழுகிறது என்றால் வழிக்கட்டை பிடிக்கிறது. தண்டு நேராக ஏறி இறங்குவதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று மரக்கட்டைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூன்று நாள் மழை பெய்தால் மரம் ஊறி இறுகிவிடும். கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும், மோசமானால் கருகல் வாசனையும் வரும். நிறுத்தி, போல்டைக் கால் சுற்று தளர்த்தி, இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு அட்டைத்துண்டைச் செருகுங்கள். வெயில் வந்ததும் அட்டையை எடுக்க மறந்தால் தண்டு ஆடும், ஷூ டையின் ஓரத்தில் விழும். அட்டை செருகிய தேதியை நோட்டில் எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஷூவும் டையும் தேயத் தேய உலக்கை இன்னும் கீழே இறங்கி நிற்கும், கேம் தூக்கும் உச்சி மாறாது, அதனால் விழும் உயரம் கூடிக்கொண்டே போகும். நன்றாகத்தானே இடிக்கிறது என்று விட்டுவிடத் தோன்றும். கேம் டாப்பெட்டைத் தொடும் இடத்தில் ‘டமார்’ என்று ஒரு மோதல் சத்தம் சேர்ந்தால் காலம் வந்துவிட்டது. டாப்பெட்டைத் தண்டில் மேலே ஏற்றி, உயரத்தை 175-க்கு மறுபடி வையுங்கள்.

உலக்கை சுழலாமல் நேராக ஏறி இறங்குகிறது

கேம் தண்டுக்கு நேர் அடியில் இல்லை, ஒரு பக்கமாக உரசித் தூக்குகிறது. அந்த உரசலில் உலக்கை ஏறும்போது கொஞ்சம் திரும்பும். எங்களுடையதில் எட்டு, பத்து அடிக்கு ஒரு சுற்று. திரும்பினால்தான் ஷூ சமமாகத் தேயும். நின்றுவிட்டால் ஒரே பக்கம் தேய்ந்து செருப்புக் குதிகால் மாதிரி சாய்ந்துவிடும்.

தண்டில் நெட்டாக ஒரு சாக்பீஸ் கோடு போட்டுப் பாருங்கள். கோடு நகரவில்லை என்றால் முதல் சந்தேகம் கிரீஸ் மேல். கேம் முகத்தில் அப்பியிருப்பார்கள், உரசல் போய்விடும். வழித்து எடுத்துவிட்டு ஒரு விரல் அளவு மட்டும் தடவுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு கிரீஸ் அள்ளிப் பூசுவதுதான் பராமரிப்பு என்று ஒரு நினைப்பு. அந்தக் காலத்தில் கிரீஸுக்கு இன்னொரு பயமும் இருந்தது. இடித்த சேறு பாதரசம் பூசிய செம்புத் தகட்டின்மேல் ஓடும், தங்கம் அதில் ஒட்டும். சேற்றில் எண்ணெய்ப் பிசுக்கு கலந்தால் ஒட்டாமல் தங்கம் ஓடிப்போகும். நாங்கள் பாதரசம் தொடுவதில்லை, வெறும் தகடுதான்.

கிரீஸ் சரியென்றால் வழிக்கட்டை இறுக்கத்தைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் டாப்பெட்டின் அடிமுகத்தில் பள்ளம் விழுந்திருக்கும். டாப்பெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், இரண்டு முகமும் ஒரே மாதிரிதான். ஆனால் அதற்குத் தண்டையே மேலே உருவ வேண்டும், செயின் பிளாக்கும் நாலு பேரும் வேண்டும். நடு சீசனில் செய்கிற வேலை இல்லை.

ஒரு உலக்கை ‘டக்-டக்’ என்று இரண்டு தரம் அடிக்கிறது

எங்கள் பேட்டரியின் நிரந்தர வியாதி இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை. ஓட்ட ஆரம்பித்து ஐந்து நிமிடம் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பையன் என் தோளைத் தட்டி, “அண்ணை, நாலாவது ரெண்டு தரம் அடிக்குது” என்றான். எனக்குக் கேட்கவில்லை. முன்னால் போய்ச் சல்லடைக்கு மேலே உள்ள துணியைத் தூக்கிப் பார்த்தால், நாலாவது உலக்கை ஏறுகிறது, அதன் ஷூ அரை அங்குலம் பின்தங்கி, கழன்ற பல் மாதிரி ஆடிக்கொண்டே போகிறது. விழும்போது முதலில் ஷூ, அப்புறம் தலை. இரண்டு அடி. ஒரு சத்தம் போட்டு நிறுத்தச் சொல்வதற்குள் ஷூ கழன்று கல்மேல் நின்றுவிட்டது. தலை அதன் கழுத்தில் போய்க் குத்தியது. நல்ல வேளை, கழுத்து உடையவில்லை.

காரணம் மிகச் சின்னது. ஷூவின் கழுத்து தலையின் குழிக்குள் திருகாலோ போல்டாலோ பிடிக்கவில்லை. கழுத்தைச் சுற்றி மர ஆப்புகள், அவ்வளவுதான். மரம் ஈரத்தில் ஊறிப் பருத்து இறுக்கிப் பிடிக்கும். ஆறு நாளும் இரவு பகலாக ஓடிய காலத்தில் ஆப்பு காயவே காயாது. நாங்களோ ஞாயிறுக்கு ஞாயிறு ஓட்டுகிறோம். கோடையில் ஆறு நாள் சும்மா தொங்கினால் ஆப்பு காய்ந்து சுருங்கிவிடும். இயந்திரத்தின்மேல் குற்றம் இல்லை.

செய்ய வேண்டியது, செலவு குறைந்ததிலிருந்து:

சனிக்கிழமை சாயங்காலமே தொட்டியில் தண்ணீர் கட்டி, உலக்கைகளைக் கல்மெத்தைமேல் இறக்கி, தலையின் அடிப்பாகம் நனைய ஊறவிடுங்கள். இதை ஆரம்பித்த பிறகு வருடத்துக்கு ஏழெட்டு முறை வந்த பழுது ஒன்று, இரண்டாகக் குறைந்தது. அன்றைக்கு நாலாவது கழன்றதும் சனிக்கிழமை யாரும் தண்ணீர் கட்டாததால்தான் (என் முறை).

ஞாயிறு காலை ஓட்டும் முன், முட்டில் தொங்கும் ஒவ்வொரு ஷூவையும் மரச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘திக்’ என்றால் இறுக்கம். சலசலப்பு கேட்டால் அந்த உலக்கையை இன்று ஓட்ட வேண்டாம், மற்ற நாலு போதும். பார்க்க வருகிறவர்கள் எண்ணுவதில்லை.

கழன்றேவிட்டால் புது ஆப்பு. காய்ந்த மென்மரத்தில் விரல் அகலப் பட்டைகள் சீவி, கழுத்தைச் சுற்றி வரிசையாக நிறுத்தி, சணல் கயிற்றால் கட்டுங்கள். ஷூவை டைமேல் நிமிர்த்தி வைத்து, தலையை மெதுவாக அதன்மேல் இறக்கி, ஷாஃப்டைக் கையால் சுற்றி மூன்று நாலு முறை விழவிடுங்கள். தன் கனத்திலேயே ஏறிப் பிடித்துக்கொள்ளும். ஷூ 50 கிலோவுக்கு மேல், ஒற்றை ஆளாகத் தூக்க வேண்டாம்.

கழுத்து முறிந்து குழிக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் தலையின் பக்கவாட்டில் ஒரு துவாரம் இருக்கும். அதில் ஆப்புக்கம்பியை அடித்து வெளியே தள்ளலாம். அரை மணி அடித்தும் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கேஸ் வைத்துச் சூடாக்கும் யோசனை யாருக்காவது வரும், வார்ப்பிரும்புத் தலை வெடித்துவிடும். பட்டறை ஆளைக் கூப்பிடுங்கள்.

வெளியே வரும் சேறு சரியில்லை

சேற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பாருங்கள்.

நறநறவென்று பெரிய மணல்: சல்லடை கிழிந்திருக்கிறது, அல்லது சட்டத்தின் ஆப்பு தளர்ந்து ஓரத்தில் சந்து விழுந்திருக்கிறது. சந்துதான் பெரும்பாலும்.

தண்ணீராக, நுரையோடு: தண்ணீர் அதிகம், குழாயைக் குறையுங்கள். கஞ்சி மாதிரி கெட்டியாக: தண்ணீர் குறைவு. கல்லைப் போல் பல மடங்கு எடைத் தண்ணீர் தேவைப்படும் இயந்திரம் இது, கை தாராளமாக இருக்கட்டும்.

எதுவுமே வரவில்லை, தீனிப் பக்கம் தண்ணீர் பொங்குகிறது: சல்லடை அடைத்துவிட்டது. அடைப்பது கல் இல்லை, மரச்சில்லு. உடைந்த ஆப்பின் நார் கண்ணுக்குக் கண் மாட்டிக்கொள்ளும். நிறுத்தி, வெளிப்பக்கமிருந்து பிரஷ் போடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். சல்லடையில் ஆப்பு நார் கண்டால் எந்த ஷூ தளர்கிறது என்று உடனே தட்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே வீட்டுச் சங்கதி.

தீனி வாயில் தூசி பறக்கிறது

உடனே நிறுத்துங்கள். இது இயந்திரப் பழுது இல்லை, நம் நுரையீரல் விஷயம். வெள்ளைக்கல் தூசி பெண்டிகோ சுரங்கத் தொழிலாளர்களை எத்தனை பேரை இருமவைத்தே கொன்றது என்பது ஊரறிந்த சரித்திரம். கல்லைப் பெட்டியில் கொட்டும் முன்பே நனையுங்கள். பக்கத்திலுள்ள பழைய கழிவு மேட்டிலிருந்து கல் அள்ளி வந்து போடாதீர்கள், இந்த வட்டாரத்து மேடுகளில் ஆர்சனிக் உண்டு.

ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் டிரிப் ஆகிறது, அல்லது பெல்ட் கிறீச்சிடுகிறது

உலக்கைகள் முட்டில் தொங்குகின்றனவா? இல்லையென்றால் இரண்டு டன் இரும்பை நின்ற இடத்திலிருந்து தூக்கச் சொல்கிறீர்கள், மோட்டார் கோபித்துக்கொள்ளாமல் என்ன செய்யும். எல்லாவற்றையும் தொங்கவிட்டு, ஷாஃப்டை வெறுமனே ஓடவிட்டு, வேகம் பிடித்தபின் ஒவ்வொன்றாக இறக்குங்கள். கேம்மேல் தூக்குக்கட்டையை வைத்தால் உலக்கை கூடுதலாக ஒரு அங்குலம் ஏறும், அந்த நொடியில் முட்டை இழுத்துவிட வேண்டும். இதைப் பழகியவர் மட்டும் செய்யட்டும்.

தொங்கவிட்டும் பெல்ட் வழுகினால் ஈரமா, எண்ணெயா என்று பாருங்கள். துடைத்தும் போகவில்லை என்றால் நீண்டுவிட்டது, ஒரு துண்டு வெட்டிக் கோக்க வேண்டும். தொங்கவிட்டும் மோட்டார் டிரிப் ஆனால் மூடியைத் திறக்காதீர்கள். இங்கே லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொடலாம். 1902-ல் சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் கோலாருக்கு வந்தபோது பாட்டனார் கம்பத்தைக் கண்டாலே ஒதுங்கிப் போவாராம். அந்த மரியாதையை நாமும் வைத்துக்கொள்வோம்.

ஷாஃப்ட் பேரிங் சுடுகிறது

புறங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள். எண்ண முடிந்தால் கிரீஸ் கப்பை ஒரு சுற்று திருகிவிட்டு ஓட்டலாம். முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். வெளியே வழியும் கிரீஸை விரலில் எடுத்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பழசு, மணல் நறநறத்தால் சேறு தெறித்திருக்கிறது, கழுவிப் புதிது போடலாம். வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கினால் பேரிங்கின் உள்பக்கத்து வெள்ளை உலோகம் தேய்ந்துபோய்க்கொண்டிருக்கிறது. மறுபடி ஊற்றித் தரத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர் நாள் கொடுக்கும்வரை ஓட்டக் கூடாது.

இவை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்

கேம் ஷாஃப்டைத் தொடும் இடத்தில், கீ ஓரமாக, துருப்பொடி சிவப்புக் குங்குமம் மாதிரி மெல்லிய கோடாகக் கசிந்திருந்தால் கேம் உள்ளே அசைகிறது. கீ உட்காரும் காடியிலிருந்துதான் ஷாஃப்ட் விரிசல் விடும். ஃபிட்டர் வரும்வரை நிறுத்தம்.

தண்டு முறிந்தால், அது பெரும்பாலும் தலைக்குச் சற்று மேலேதான் முறியும். தண்டின் இரு முனையும் ஒரே மாதிரி கூம்பாகக் கடைந்தவை, தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இன்னொரு ஆயுள் உண்டு. ஆனால் முறிந்த துண்டை எடுப்பதும் நாலு மீட்டர் இரும்பைத் திருப்புவதும் கிரேன் ஆளின் வேலை. இரண்டு முனையும் போய்விட்டால் புதுத் தண்டுதான், எங்கள் ஒரு வருட உண்டியல் அதற்குச் சரியாக இருக்கும்.

தொட்டியின் சுவரில் மயிரிழை மாதிரி கோடு தெரிந்தால் காயவிட்டு, சாக்பீஸைத் தேய்த்து, ஒரு கால் மணி பாருங்கள். ஈரம் கோடாக ஊறி வெளியே வந்தால் வெடிப்பு. அன்றைக்கு வந்தவர்களுக்கு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.